நடிக்க வரும் பிள்ளைகளுக்கு: பெட்டி வைட்டின் எண்பது ஆண்டுகள்

சின்னத்திரையில் நடிக்க ஆசைப்பட்டு என்னிடம் பேச வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நல்ல வேடம் எப்போது கிடைக்கும்? அதற்கடுத்து வர வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்த வேடம் முடிந்த மறுநாள் என்ன செய்வது? இரண்டு நல்ல வேடங்களுக்கு நடுவில் பதினைந்து வருடம் இடைவெளி விழுந்துவிட்டால் அத்தனை வருடத்தையும் எப்படிக் கடப்பது? இந்தத் தொழிலில் நிலைத்தவர்களும் காணாமல் போனவர்களும் பிரிகிற இடம் இதுதான்.

இதற்குப் பதில் தேடுகிறவர்களை நான் பெட்டி வைட் என்ற அமெரிக்க நடிகையிடம் அனுப்புவேன். 1922 ஜனவரி 17 அன்று இல்லினாய் மாநிலத்தின் ஓக் பார்க்கில் பிறந்து, கைக்குழந்தைப் பருவம் தாண்டுவதற்குள் கலிஃபோர்னியாவுக்குக் குடிவந்தவர். 2021 டிசம்பர் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். நூறாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம்கூட மீதி இல்லை. 1939இல் ஒரு சோதனை ஒளிபரப்பில் பாடியதிலிருந்து கணக்குப் போட்டால் எண்பது ஆண்டுகள் அவர் தொலைக்காட்சியோடு இருந்திருக்கிறார். பெண் கலைஞர்களில் மிக நீண்ட தொலைக்காட்சி வாழ்க்கை என்று கின்னஸ் புத்தகம் அதைப் பதிவு செய்தது. அந்த வாழ்க்கையை ஆண்டு வரிசையில் வைத்துப் படித்தவன் என்ற முறையில், உங்களுக்குப் பயன்படும் என்று நான் நம்புகிறவற்றை எண் போட்டுச் சொல்கிறேன்.

1. எவ்வளவு சின்ன வாய்ப்பானாலும் கை நீட்டி வாங்குங்கள்.

வைட் முதலில் வனத்துறை அதிகாரியாக ஆசைப்பட்டார். அன்றைக்கு அமெரிக்காவில் அந்த வேலைக்குப் பெண்களை எடுக்கவில்லை. பெவர்லி ஹில்ஸ் பள்ளியில் படிப்பு முடிந்த அதே 1939இல், லாஸ் ஏஞ்சலஸில் தொலைக்காட்சியைச் சோதித்துக்கொண்டிருந்தவர்கள் அவரையும் ஒரு வகுப்புத் தோழனையும் கூப்பிட்டுப் பாட வைத்தார்கள். பார்க்க வீடுகளில் பெட்டிகளே இல்லாத காலம். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. பெண்கள் தன்னார்வப் படையில் சேர்ந்து, மலைமேல் இருந்த ராணுவ முகாம்களுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டினார்.

போர் முடிந்து சினிமா ஸ்டுடியோக்களின் கதவைத் தட்டியபோது கிடைத்த பதில், கேமராவுக்கு ஏற்ற முகமில்லை என்பது. சரி, முகம் வேண்டாத வானொலிக்குப் போவோம் என்று போனார். அங்கே இன்னொரு சிக்கல். சங்கத்தில் உறுப்பினர் அட்டை இருந்தால்தான் வேலை. வேலை செய்திருந்தால்தான் அட்டை. ஒரு தயாரிப்பாளர் இரக்கப்பட்டு, 'த கிரேட் கில்டர்ஸ்லீவ்' என்ற வானொலித் தொடரின் விளம்பர இடைவேளையில் ஒரே ஒரு சொல்லைச் சொல்லக் கொடுத்தார். ஸ்பான்சர் விற்ற மார்கரினின் பெயரான 'பார்க்கே' என்பதுதான் அந்தச் சொல். அந்த ஒரு சொல்லைப் பிசகாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து பயந்து ஒத்திகை பார்த்திருக்கிறார். அட்டை கிடைத்தது. ஒரு வசனம்தானே என்று அலட்சியமாகத் தளத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன். உங்களுக்கு முழு வசனமே கொடுத்திருக்கிறார்கள்.

2. தினமும் வாய் திறந்து பேச வேண்டிய வேலை ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.

1949இல் ஆல் ஜார்விஸ் என்ற புகழ்பெற்ற வானொலிக்காரர் கேஎல்ஏசி என்ற உள்ளூர்த் தொலைக்காட்சியில் 'ஹாலிவுட் ஆன் டெலிவிஷன்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கி, வைட்டைத் துணைத் தொகுப்பாளராகச் சேர்த்துக்கொண்டார். ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரம். வாரத்தில் ஆறு நாள். அத்தனையும் நேரலை. எழுதிக் கொடுத்த வசனம் கிடையாது. வாரத்துக்கு 33 மணி நேரம் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுவது, பாடுவது, பேட்டி எடுப்பது, விளம்பரம் படிப்பது, வந்த விருந்தாளி வாயடைத்துப் போனால் தானே இட்டு நிரப்புவது. 1952இல் ஜார்விஸ் விலகினார். எடி ஆல்பர்ட் என்ற நடிகர் சில மாதம் இருந்துவிட்டு, 'ரோமன் ஹாலிடே' படத்தில் நடிக்கப் போனார். அதன் பிறகு முழு நேரத்தையும் வைட் தனியாகவே தாங்கினார்.

இதைவிடப் பெரிய நடிப்புப் பள்ளி எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. நேரலையில் தவறு செய்தால் வெட்ட முடியாது. தவறிலிருந்து எழுந்து நடக்கத்தான் வேண்டும். தடுமாறியதைப் பார்வையாளருக்கு எப்படிச் சிரிப்பாக மாற்றித் தருவது, எந்த இடத்தில் மூச்சு விடுவது, எதிரில் இருப்பவர் சொல்வதை உண்மையாகக் காதில் வாங்குவது என்று பின்னாளில் அவரிடம் எல்லாரும் வியந்தவை அந்த நான்கு ஆண்டுகளில் உடம்பில் ஏறியவை. உங்களுக்கு அப்படி ஒரு நிகழ்ச்சி கிடைக்காது. பரவாயில்லை. பண்பலை வானொலி, உள்ளூர்க் கேபிள் சேனல், டப்பிங், கோயில் திருவிழா மேடையில் தொகுத்து வழங்குவது என எதுவாக இருந்தாலும் தினம் செய்யுங்கள். வருடத்துக்கு இரண்டு குறும்படத்தில் நடித்துவிட்டுக் காத்திருப்பது பயிற்சி ஆகாது.

மனப்பாடத்தையும் இத்துடன் சேர்த்துச் சொல்கிறேன். பக்கத்தில் ஒருவர் பிராம்ப்ட் சொல்லச் சொல்ல அதைத் திருப்பிச் சொல்வது நம் சீரியல் தளங்களில் பழக்கமாகிவிட்டது. வைட் வசனத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரும் பழக்கத்தைக் கடைசிவரை விடவில்லை. எண்பத்தெட்டு வயதில் ஒரு நேரலை நிகழ்ச்சிக்காக எழுதிப் பிடித்த அட்டையைப் பார்த்துப் பேச வேண்டி வந்தபோது, அதுதான் தன்னை மிகவும் பயமுறுத்தியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

3. தயாரிப்புக் கணக்கைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்.

1952இல், முப்பது வயதில், டான் ஃபெடர்சன், ஜார்ஜ் டிபிள்ஸ் என்ற இருவரோடு சேர்ந்து பாண்டி புரொடக்‌ஷன்ஸ் என்ற கம்பெனியை வைட் தொடங்கினார். நேரலையில் சும்மா போட்டுக் காட்டிய கணவன் மனைவி நகைச்சுவைத் துணுக்குகளை வளர்த்து 'லைஃப் வித் எலிசபெத்' என்ற தொடராக்கினார்கள். டிபிள்ஸ் எழுத, வைட் நடித்து, தயாரிப்பிலும் பங்கெடுத்தார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெண்கள் தயாரிப்பாளர் நாற்காலியில் உட்காருவது அபூர்வமாக இருந்த காலம் அது. படச்சுருள் என்ன விலை, ஒரு அரங்கம் போட என்ன ஆகும், எதனால் ஒரு காட்சி வெட்டப்படுகிறது என்று தெரிந்த நடிகரிடம் இயக்குநர் பேசும் விதமே வேறாக இருக்கும்.

4. உங்கள் பெயர் போட்ட நிகழ்ச்சியில் யார் நிற்கலாம் என்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

இந்த அறிவுரையைத் தொழில் நுணுக்கத்தைவிட மேலாக நான் மதிக்கிறேன். 1954இல் என்பிசி நாடு முழுக்க ஒளிபரப்பிய பகல்நேர நிகழ்ச்சிக்கு 'த பெட்டி வைட் ஷோ' என்றே பெயர். அதில் ஆர்தர் டங்கன் என்ற கறுப்பின இளைஞரை வைட் பாடவும் டேப் நடனம் ஆடவும் அழைத்து வந்து, தொடர்ந்து வாய்ப்புக் கொடுத்தார். தென் மாநிலங்களின் சில நிலையங்கள் கொதித்தன. அந்த இளைஞரை நீக்காவிட்டால் நிகழ்ச்சியை ஒளிபரப்ப மாட்டோம் என்று மிரட்டின.

அந்த ஆண்டின் பின்னணியை நினைத்துப் பாருங்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே மாதத்தில்தான் தீர்ப்பளித்தது. மாண்ட்கமரி நகரில் நிறப் பிரிவினைக்கு எதிரான பேருந்துப் புறக்கணிப்புத் தொடங்க இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. வைட்டுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. நாடு முழுக்க அவர் பெயரில் ஓடிய நிகழ்ச்சி. இழக்க நிறைய இருந்தது. டங்கன் இருப்பார், நீங்கள்தான் அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் பதில் அனுப்பிவிட்டு, அவருக்கு முன்னைவிட அதிக நேரம் ஒதுக்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் நிகழ்ச்சி நின்றுபோனது. டங்கன் 1960களில் 'லாரன்ஸ் வெல்க் ஷோ'வில் நிரந்தர நடனக் கலைஞராகச் சேர்ந்து, சுமார் இருபது ஆண்டுகள் அமெரிக்க வீடுகளில் நன்கு தெரிந்த முகமாக இருந்தார். 2017இல் ஒரு நிகழ்ச்சி மேடையில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். அப்போது அவருக்கும் தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தது.

உங்கள் யூனிட்டிலும் ஒருநாள் இப்படிக் கேட்பார்கள். நிறம், சாதி, ஊர், பேச்சு என்று ஏதாவது ஒன்றைக் காரணமாகச் சொல்லி, இந்தப் பிள்ளை வேண்டாம் என்பார்கள். உங்கள் பதிலை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் கிடைக்காது.

5. பிடிக்காமல் போன தொடரிலும் கடைசி நாள்வரை ஒழுங்காக வேலை செய்யுங்கள்.

'டேட் வித் த ஏஞ்சல்ஸ்' 1957இல் ஏபிசியில் வந்தது. கற்பனைக் காட்சிகள் நிறைந்த ஒரு மேடை நாடகத்தை ஒட்டி யோசித்த தொடர். அந்தக் கற்பனைக் காட்சிகள் ஸ்பான்சருக்குப் பிடிக்கவில்லை. அவற்றை எடுத்த பிறகு மிஞ்சியது எல்லாத் தொடரையும் போல இன்னொரு தொடர். தன் வாழ்க்கையில் விலகிப் போய்விடலாம் என்று தோன்றிய ஒரே நிகழ்ச்சி அதுதான் என்று வைட் பின்னாளில் சொன்னார். ஆனாலும் முடித்துக் கொடுத்தார்.

6. கௌரவம் குறைவு என்று மற்றவர்கள் ஒதுக்குகிற வேலையைக் கூர்ந்து பாருங்கள்.

முதலில் சொன்ன பதினைந்து வருடம் இங்கேதான் வருகிறது. 1958இல் அவருடைய நிகழ்ச்சிகள் நின்ற பிறகு, 1973வரை பெட்டி வைட்டுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான ஒரு தொடர் வேடம் இல்லை. முப்பத்தாறு வயதிலிருந்து ஐம்பத்தொன்று வரை. ஒரு நடிகைக்கு இதைவிட மோசமான காலத்தில் இடைவெளி விழ முடியாது. அவருடைய வாழ்க்கையைச் சுருக்கி எழுதுகிறவர்கள் இந்தக் காலத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் அவருடைய வாழ்க்கையின் மையமாகப் படுகிறது.

அந்தக் காலத்தில் என்ன செய்தார்? பாசடீனாவில் புத்தாண்டு தோறும் நடக்கும் ரோஜா ஊர்வலத்துக்கு என்பிசியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வர்ணனை சொன்னார். பூவால் செய்த ரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். காலையில் பல மணி நேரம் விடாமல் பேச வேண்டும். ஜாக் பாரின் இரவு நிகழ்ச்சியில் விருந்தாளியாக வந்து உட்கார்ந்து பேசினார். விளம்பரங்கள் செய்தார். 1962இல் 'அட்வைஸ் அண்ட் கன்சென்ட்' என்ற படத்தில் செனட்டராகச் சின்ன வேடம். எல்லாவற்றுக்கும் மேலாக, விளையாட்டு நிகழ்ச்சிகள். 'பாஸ்வேர்டு' 1961இல் சிபிஎஸ்ஸில் தொடங்கியது. ஒரே ஒரு சொல்லைக் குறிப்பாகக் கொடுத்து, மறைந்திருக்கும் சொல்லைக் கூட்டாளி வாயிலிருந்து வரவைக்க வேண்டும். பிரபலம் ஒருவர், பொதுமக்களில் ஒருவர் என ஜோடி. வைட் அதில் படு கெட்டி.

விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போகிற நடிகையை அன்றைக்கும் இளக்காரமாகத்தான் பார்த்தார்கள். சான்ஸ் இல்லாததால் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று. ஆனால் அங்கே என்ன நடந்தது என்று யோசியுங்கள். வாரா வாரம், வேடம் போடாமல், தன் சொந்த முகத்தோடு, முன்பின் தெரியாத ஒரு சாதாரண மனிதரை ஜெயிக்க வைக்கப் பாடுபடும் பெண்ணை நாடு பார்த்தது. அவருடைய சிரிப்பு எப்படி, கோபம் எப்படி, எந்த நேரத்தில் குறும்பாக ஒன்றைச் சொல்வார் என்பதெல்லாம் மக்களுக்கு வீட்டு மனுஷியைப் போலப் பழகிவிட்டது. எந்தக் கதாநாயகி வேடமும் இந்தப் பழக்கத்தைத் தராது. அதோடு காது தீட்டப்பட்டது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எத்தனை நொடி விட்டால் சிரிப்பு விழும் என்பதை நூற்றுக்கணக்கான முறை பார்வையாளர் முன்னால் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அது. அவரோடு முப்பது வயதுகளில் நடித்துக்கொண்டிருந்த எத்தனையோ கதாநாயகிகள் நல்ல வேடத்துக்காக வீட்டில் காத்திருந்தே மறக்கப்பட்டார்கள்.

இந்த ஆண்டுகளுக்கு இன்னொரு பலனும் உண்டு. 'பாஸ்வேர்டு' தொகுப்பாளர் ஆலன் லட்டன் மனைவியை இழந்தவர். மூன்று குழந்தைகளின் அப்பா. வைட்டைத் திருமணம் செய்துகொள்ளத் திரும்பத் திரும்பக் கேட்டார். முன்னே இரண்டு திருமணங்கள் முறிந்திருந்ததாலும், கலிஃபோர்னியாவை விட்டு நியூயார்க் போக மனமில்லாததாலும் வைட் மறுத்துக்கொண்டே இருந்தார். 1963 ஜூன் 14இல் திருமணம் நடந்தது. 1981இல் லட்டன் புற்றுநோயால் இறந்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தும் வைட் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மறுத்துக்கொண்டே இருந்த அந்த ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டேனே என்றுதான் கடைசிவரை வருந்தினார்.

7. மக்கள் மனதில் உங்களுக்கு இருக்கும் பிம்பத்தை நீங்களே கலைத்துப் பாருங்கள்.

1973இல், 'மேரி டைலர் மூர் ஷோ' என்ற நகைச்சுவைத் தொடரின் நான்காவது ஆண்டுக்கு எழுத்தாளர்கள் ஒரு புதுப் பாத்திரத்தை எழுதினார்கள். சூ ஆன் நிவன்ஸ். மினியாபொலிஸ் நகரின் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் சமையல் நிகழ்ச்சி நடத்துபவள். கேமரா ஓடும்போது வாயில் தேன் ஒழுகும். கேமரா நின்றதும் நாக்கில் கத்தி, கண்ணில் அடுத்தவள் புருஷன். பெட்டி வைட் மாதிரி திகட்டத் திகட்ட இனிக்கும் ஒருத்தி வேண்டும் என்று தேடினார்கள். வைட்டையே கேட்கத் தயங்கினார்கள். அவரும் லட்டனும் தொடரின் நாயகி மேரி டைலர் மூருக்கும் அவர் கணவர் கிராண்ட் டிங்கருக்கும் நெருங்கிய நண்பர்கள். வேடம் சரியாக வராவிட்டால் நட்பு கசந்துபோகுமே என்ற பயம். கடைசியில் சிபிஎஸ்ஸில் நடிகர் தேர்வைப் பார்த்துக்கொண்டிருந்த எத்தல் வினன்ட் சொல்லித்தான் அவரையே கூப்பிட்டார்கள்.

ஒரே ஒரு எபிசோடுக்கு என்று வந்தவர் 1977இல் தொடர் முடியும்வரை இருந்தார். 1975லும் 1976லும் சிறந்த துணை நடிகைக்கான எம்மி என்ற தொலைக்காட்சி விருது. அந்த முதல் எபிசோடில், அடுப்பைத் திறந்து பலகாரத்தைக் கையில் எடுத்தவர், கதவை முழங்காலால் ஒரு தட்டுத் தட்டி மூடுவார். பேச்சில் கோபம் துளியும் இருக்காது. அந்த முழங்காலில் அத்தனையும் இருக்கும். பதினைந்து வருடமாக மக்கள் நம்பி வைத்திருந்த இனிமைதான் அந்த நகைச்சுவையின் முதலீடு. வேறொரு நடிகை அதே தட்டுத் தட்டியிருந்தால் பாதிச் சிரிப்புத்தான் விழுந்திருக்கும்.

8. கையிலிருந்த வேடத்தை மாற்றிக் கொடுத்தால் முகம் சுளிக்காதீர்கள்.

1985இல் சூசன் ஹாரிஸ் 'த கோல்டன் கேர்ள்ஸ்' எழுதினார். மயாமியில் ஒரே வீட்டில் குடியிருக்கும் வயதான நான்கு பெண்கள். ஆண் மோகம் கொண்ட பிளாஞ்ச் வேடத்துக்கு வைட், வெகுளியான ரோஸ் வேடத்துக்கு ரூ மக்லானஹன் என்று முடிவாகியிருந்தது. பிளாஞ்சை வைட் செய்தால் சூ ஆனையே திரும்பப் பார்ப்பதுபோல் இருக்கும், இருவரும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று முதல் எபிசோடின் இயக்குநர் ஜே சாண்ட்ரிச் சொன்னார். பிளாஞ்சை விட்டுக்கொடுப்பது எளிதல்ல. கைதட்டல் வாங்கும் வேடம் அது. ரோஸை எப்படிப் பிடிப்பது என்று வைட்டுக்கு முதலில் பிடிபடவில்லை. அவள் முட்டாள் இல்லை, யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்பவள் என்று சாண்ட்ரிச் விளக்கினார்.

அந்த ஒரு குறிப்பிலிருந்து ஏழு ஆண்டுகள், 180 எபிசோடுகள் நடித்தார். செயின்ட் ஓலாஃப் என்ற கற்பனை ஊரைப் பற்றி ரோஸ் சொல்லும் அசட்டுக் கதைகளில் வைட் ஒருமுறைகூடக் கண்ணடித்ததில்லை. இதை நான் அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். வெகுளி வேடம் போடுகிற நம் பிள்ளைகள், நான் உண்மையில் இப்படியில்லை, புத்திசாலி என்று கண்ணாலேயே பார்வையாளரிடம் சொல்லிவிடுகிறார்கள். உடனே வேடம் செத்துவிடுகிறது. ரோஸ் தான் சொல்வதை முழுமையாக நம்பினாள். 1986இல் சிறந்த நடிகைக்கான எம்மி நால்வரில் முதலில் வைட்டுக்கே வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்ற மூவரும் ஆளுக்கொரு எம்மி வாங்கினார்கள்.

9. உடன் நடிப்பவருக்கு உங்களைப் பிடிக்காமல் போகலாம். அது திரையில் தெரியக் கூடாது.

'த கோல்டன் கேர்ள்ஸ்' தொடரில் டோரதியாக நடித்த பீ ஆர்தர் நாடக மேடையிலிருந்து வந்தவர். எப்போதும் உற்சாகமாக இருக்கும் தன் போக்கு அவருக்கு எரிச்சல் தந்தது, தன்மேல் அவருக்கு அவ்வளவாகப் பிரியமில்லை என்று வைட்டே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். ரோஸும் டோரதியும் சமையலறை மேசையில் உட்கார்ந்து சீஸ்கேக் சாப்பிடும் காட்சிகளைப் பாருங்கள். அந்தக் கசப்பு எங்காவது தெரிகிறதா? டோரதியின் அம்மாவாக நடித்த எஸ்டெல் கெட்டி உண்மையில் ஆர்தரைவிட ஒரு வயது இளையவர். வசனம் மறந்துவிடுமோ என்ற பயம் அவரைக் கடைசிவரை வாட்டியது. மற்ற மூவரும் அவருடைய காட்சிகளைத் தாங்கித்தான் தொடர் ஓடியது. தொடர் தொடங்கிய அதே 1985இல் வைட்டின் தாயும் இறந்தார். மறுவாரங்களில் வந்த எபிசோடுகளிலும் ரோஸ் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

10. தொழிலுக்கு வெளியே உயிராக நேசிக்கும் ஒன்று உங்களுக்கு இருக்கட்டும்.

வைட்டுக்கு அது விலங்குகள். 1971இல் 'த பெட் செட்' என்ற நிகழ்ச்சியை நடத்தினார்; பிரபலங்கள் தங்கள் நாய் பூனைகளோடு வருவார்கள். விலங்கு மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் மாரிஸ் அறக்கட்டளையோடும் லாஸ் ஏஞ்சலஸ் விலங்கியல் பூங்காவோடும் பல பத்தாண்டுகள் வேலை செய்தார். வேலையில்லாத மாதங்களில் தொலைபேசி பக்கத்தில் உட்கார்ந்து உருகிப்போகாமல் அவரைக் காத்தது இது என்று நினைக்கிறேன். சின்ன வயதில் மறுக்கப்பட்டதும் ஒருவிதத்தில் திரும்பி வந்தது. 2010இல் அமெரிக்க வனத்துறை அவரைக் கௌரவ வன அதிகாரியாக்கியது. அப்போது வயது எண்பத்தெட்டு.

11. எதற்கு முடியாது என்பீர்கள் என்று முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்' 1997இல் பெரிய வெற்றிப் படம். அதில் வைட்டுக்கு ஒரு வேடம் வந்தது. ஒரு நாய்க்குட்டியைக் குப்பைக் குழாயில் தள்ளிவிடும் காட்சி படத்தில் இருந்தது. அதை யாராவது பார்த்துச் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டார். காட்சியை நீக்கவில்லை, அவர் நடிக்கவில்லை.

12. வயதாவதை மறைக்க முயலாதீர்கள்.

நடிகைகளுக்கு நாற்பதோடு கதை முடிந்தது என்று ஹாலிவுட்டிலும் சொல்வார்கள். வைட்டின் கணக்கைப் பாருங்கள். சூ ஆன் ஐம்பத்தொன்றில். 1983இல், அறுபத்தொன்றில், 'ஜஸ்ட் மென்' என்ற விளையாட்டு நிகழ்ச்சி சில வாரங்களிலேயே நின்றுபோனது. ஆனால் அதற்காகவே, சிறந்த விளையாட்டு நிகழ்ச்சித் தொகுப்பாளருக்கான பகல்நேர எம்மியை வாங்கிய முதல் பெண் ஆனார். ரோஸ் அறுபத்து மூன்றில். எண்பத்தேழில் 'த ப்ரோபோசல்' படத்தில் பாட்டி. 2010 பிப்ரவரியில் ஒரு சாக்லெட் விளம்பரம், அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடையே. சேற்றில் விழுந்து எழும் கிழவியாக அவரை ஒரு புதுத் தலைமுறை பார்த்தது. அவரை 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நேரலை நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க அழைக்க வேண்டும் என்று ரசிகர்கள் ஃபேஸ்புக்கில் லட்சக்கணக்கில் சேர்ந்து கேட்டார்கள். அந்த நிகழ்ச்சிக்கு முன்பு பலமுறை மாட்டேன் என்றிருந்தவர், 2010 மே 8 அன்று மேடை ஏறினார். அதுவரை அந்த நிகழ்ச்சியைத் தொகுத்தவர்களில் அவரே மூத்தவர். அதற்கும் ஒரு எம்மி.

அடுத்த மாதமே 'ஹாட் இன் கிளீவ்லாந்து' தொடங்கியது. முதல் எபிசோடில் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. ஆறு சீசன் முடியும்வரை, 2015வரை, இருந்தார். 2012இல் தன் புத்தகத்தைத் தானே வாசித்த ஒலிப்பதிவுக்குக் கிராமி விருது. 2019இல் 'டாய் ஸ்டோரி 4'இல் குரல். ஒரு சொல் வேடத்தில் தொடங்கியவருக்குத் தொண்ணூற்றேழு வயதிலும் மைக் முன்னால் வேலை இருந்தது. மற்ற மூன்று கோல்டன் கேர்ள்களும் அதற்கெல்லாம் முன்பே, 2008க்கும் 2010க்கும் நடுவில், ஒருவர்பின் ஒருவராக இறந்துவிட்டார்கள். வயதைப் பற்றி எழுதிய நகைச்சுவையை வைட் விரும்பிச் செய்தார். வயதை மறைக்க எழுதியதை அவருக்கு யாரும் கொடுக்கவும் இல்லை.

13. பார்த்துப் படியுங்கள்.

மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 'லைஃப் வித் எலிசபெத்'தில் ஏதாவது ஒரு எபிசோட், 'மேரி டைலர் மூர் ஷோ'வில் சூ ஆன் முதன்முதலில் வரும் எபிசோட், 'த கோல்டன் கேர்ள்ஸ்' முதல் எபிசோட். அதே ஆள், முப்பதில், ஐம்பத்தொன்றில், அறுபத்து மூன்றில். ஒவ்வொன்றையும் முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மற்றவர் பேசும்போது அவர் முகம் என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பிறகு சத்தத்தோடு பாருங்கள். 'லைஃப் வித் எலிசபெத்'தின் பல எபிசோடுகளுக்குக் காப்புரிமை காலாவதியாகிவிட்டதால் அவை இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. இந்த வாரமே அதிலிருந்து தொடங்குங்கள்.